வெள்ளிக்கிழமை எலிகள்

நீங்கள் பொய் சொன்னீர்கள், கல்லூரி முதல்வர் ஐயா. போன மாதம் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், பெற்றோர் நிறைந்திருந்த கூட்டத்தில், மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே சொன்னீர்கள். உங்கள் ஆராய்ச்சியில் அட்டெண்டர் அம்மா எலிகளைக் கலந்துவிட்டார் என்றீர்கள். அவர் எந்த எலியையும் கலக்கவில்லை. இது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

உங்களிடம் மீதியைக் கடைசியில் பேசிக்கொள்கிறேன். படிக்கிறவர்களுக்கு முதலில் அந்த அட்டெண்டர் அக்கா யார் என்று சொல்ல வேண்டும். பெயர் போடப் போவதில்லை. இப்போது அவர் வேலை பார்க்கும் இடத்தில் இதனால் ஒரு தொந்தரவும் வரக் கூடாது. எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

திண்டுக்கல்லுக்கு வெளியே பைபாஸைத் தாண்டி ஒரு தனியார் மருந்தியல் கல்லூரி. அங்கே நான் லேப் டெக்னீஷியன். கல்லூரிக்குப் பின்னால் தனியாக ஒரு கட்டடம். அதில் சோதனைக்கு வளர்க்கும் வெள்ளை எலிகள் இருந்தன. அவற்றுக்குத் தீவனம் வைப்பது, தண்ணீர் மாற்றுவது, கூண்டில் மரத்தூள் மாற்றுவது, இதெல்லாம் அக்காவின் வேலை. ஊர் ஆத்தூர்ப் பக்கம். அங்குள்ள அணைக்குக் கீழே அவர் வீட்டுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. பஸ்ஸில் வருவார். தலையில் மல்லிகை இருக்கும். எலி ரூமுக்குள் போகுமுன் பூவை எடுத்து வெளியே இருக்கும் ஆணியில் மாட்டிவிடுவார். சாயங்காலம் அதே பூவை எடுத்து வைத்துக்கொண்டு போவார்.

"எதுக்குக்கா?" என்று முதல் நாள் கேட்டேன்.

"எலிக்குக் கண்ணு மட்டு தம்பி. எல்லாம் மூக்குலதான். பூ வாசத்தோட போனா மெரளுது."

"படிச்சீங்களா?"

"இல்ல. மெரண்டத பாத்தேன்."

அவ்வளவுதான் அந்த அக்கா. கண்ணால் பார்த்ததைச் சொல்வார். பார்க்காததைச் சொல்ல மாட்டார். கேட்பதற்கு நல்ல குணம் மாதிரி இருக்கும். கூட வேலை பார்த்தால்தான் அது என்ன பாடு என்று தெரியும்.

விலங்குகளை வைத்துச் சோதனை செய்ய அனுமதி வேண்டும். அதற்காக ஒரு குழு பார்வையிட வந்தது. மூன்று பேர். இன்றைக்கு முதல்வராக இருப்பவர் அன்று பேராசிரியர். அவரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஏசி இருபத்து நாலு மணி நேரமும் ஓடும் என்றார். குழுவில் ஒருவர் அக்காவிடம் திரும்பினார்.

"ஏம்மா, எப்பவும் இப்படித்தான் குளுகுளுன்னு இருக்குமா?"

"இன்னைக்கு இருக்கு சார்."

"நேத்து?"

"நேத்து சாயங்காலந்தான் மாட்டுனாக. மாட்டுறத பாத்தேன். அதுக்கு முன்னாடி அந்த எடத்துல ஓட்டைதான் இருந்துச்சு."

கேட்டவர் இருமினார். பேராசிரியர் டீ சொன்னார். அனுமதி வந்துவிட்டது. மறு வாரம் அந்த ஏசியைக் கழற்றி அலுவலக அறையில் மாட்டினார்கள். அக்கா அதையும் ரிஜிஸ்டரில் எழுதினார்.

ரிஜிஸ்டர் என்பது எலி ரூமின் தினசரிப் பதிவேடு. தேதி, தீவனம், தண்ணீர், சாவு என்று கட்டம் போட்டிருக்கும். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'குறிப்பு'. எல்லாக் கல்லூரியிலும் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கும். அக்கா அதை நிரப்பினார். 'செவ்வாய். மரத்தூள் மாற்றவில்லை. தூள் வரவில்லை.' 'புதன். சார் வந்தார். கூண்டைப் பார்க்கவில்லை. போனில் பேசினார். போனார்.' 'ஆயுத பூஜைக்கு எலியை ஓடவிட்டுப் பார்க்கும் பெட்டிக்கும் சந்தனம் வைத்தார்கள். அடுத்த தடவை எலிகள் சந்தனத்தை நக்கிக்கொண்டு நின்றன. வழி தேடவில்லை.' எட்டாவது வரை படித்தவர். எழுத்து பெரிது பெரிதாக, கோட்டை விட்டு இறங்காமல் இருக்கும்.

வாட்ச்மேன் தினமும் அவரைச் சீண்டுவார். "ஏத்தா, இன்னைக்கு எலி என்ன சொல்லுச்சு?"

"ஒன்னய பத்தி இன்னும் ஒண்ணும் சொல்லல."

எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஒரு நாள் நான் தாமதமாக வந்தேன். வருகைப் பதிவில் ஒன்பது மணி என்று எழுதிவிட்டேன். எல்லாரும் செய்வதுதான். அலுவலகத்தில் சந்தேகப்பட்டு அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"ஒம்பதுக்கு நான் பாக்கல சார். பத்தேகாலுக்கு கேட்டுக்குள்ள வந்தத பாத்தேன். நடுவுல எங்கயாச்சும் இருந்துச்சான்னு தம்பியத்தான் கேக்கணும்."

எனக்கு அரை நாள் லீவு போட்டார்கள். நேராக எலி ரூமுக்குப் போய்க் கத்தினேன். "வாய மூடிக்கிட்டு இருந்தா என்னக்கா கொறஞ்சு போயிரும்?"

"கேக்காம இருந்தா நான் எதுக்குத் தம்பி சொல்லப் போறேன்? கேட்டாக."

இரண்டு மாதம் கழித்து லேப்பில் ஒரு பெரிய கண்ணாடிக் கருவி உடைந்து கிடந்தது. சாவி என்னிடம் இருந்ததால் என்னைப் பிடித்தார்கள். அக்காவையும் கேட்டார்கள். "தம்பி ஒடைக்கிறத நான் பாக்கல. சன்னல் வழியா ஒரு பூனை உள்ள போனத பாத்தேன். பூனை ஒடைச்சதயும் நான் பாக்கல" என்றார். அந்தப் பூனையால் நான் தப்பித்தேன். போய் நன்றி சொன்னேன். "எதுக்கு?" என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

இனி ஆராய்ச்சிக்கு வருகிறேன். பேராசிரியர் முனைவர் பட்டத்துக்கு எடுத்த விஷயம் வல்லாரை. வல்லாரைச் சாறு கொடுத்தால் எலி சீக்கிரம் கற்றுக்கொள்கிறதா, கற்றதை ஞாபகம் வைத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். வல்லாரையைக் கொண்டுவந்ததே அக்காதான். அவர் வயலுக்குப் பக்கத்து வாய்க்கால் ஓரத்தில் படர்ந்து கிடந்ததைப் பை பையாகப் பறித்து வந்தார். நிழலில் காயவைத்துச் சாறு எடுத்தது நான்.

பேராசிரியர் ஒரு நாள் அவரிடம், "ஒன் மகளுக்கும் குடும்மா, பாடமெல்லாம் மறக்காது" என்றார்.

"ஒரு வருசம் தொவையல் அரைச்சுக் குடுத்தேன் சார். வல்லாரை பிடிக்காதுங்கறத மட்டும் மறக்காம வச்சிருக்கா."

பேராசிரியருக்குச் சிரிப்பு வரவில்லை.

சோதனை இதுதான். பலகையால் செய்த ஒரு பெரிய பெட்டி. உள்ளே சந்து சந்தாகத் தடுப்பு. சில சந்துகள் முட்டுச் சந்து. ஒரு மூலையில் எலியை விட வேண்டும். இன்னொரு மூலையில் கடலை மிட்டாய்த் துணுக்கு இருக்கும். முந்தின சாயங்காலமே தீவனத்தை எடுத்துவிடுவதால் எலி பசியில் இருக்கும். மிட்டாய்க்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று நான் ஸ்டாப்வாட்சில் பார்த்துச் சொல்வேன். இரண்டு கூண்டு, கூண்டுக்கு ஆறு எலி. ஒரு கூண்டுக்கு வெறும் தண்ணீர், இன்னொன்றுக்கு வல்லாரைச் சாறு. தண்ணீர் எலிக்கு முதுகில் மஞ்சள் மையால் பொட்டு. வல்லாரை எலிக்குத் தலையில் பொட்டு. எத்தனையாவது எலி என்பதற்கு வாலில் பேனாக் கோடு. மை மங்க மங்க அக்கா திரும்பத் திரும்ப வைப்பார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேராசிரியருக்கு வகுப்பில்லாமல் கிடைப்பது வெள்ளிக்கிழமை மட்டும்தான். அதிலும் பத்தரை மணிக்கு மேல்தான். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். மருந்துச் சோதனையை ராகு காலத்தில் தொடங்கக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்காக ஒன்றரை மணி நேரத்தை வீணாக்கவும் மனம் இல்லை. எனவே ஒரு வழி கண்டுபிடித்தார். ராகு காலத்தில் தண்ணீர் எலிகள் ஓடட்டும். பன்னிரண்டு அடித்ததும் வல்லாரை எலிகள் ஓடட்டும். தண்ணீர் எலிக்கு ராகு காலம் ஒன்றும் செய்யாது.

முதல் வெள்ளி. அன்றைக்கு இன்னும் யாருக்கும் வல்லாரை கொடுக்கவில்லை. மருந்துக்கு முன்னால் எலிகள் எப்படி ஓடுகின்றன என்று தெரிந்துகொள்வதற்கான ஓட்டம் அது. ராகு காலத்தில் தண்ணீர்க் கூண்டு எலிகள் ஓடின. முட்டுச் சந்துகளில் நின்றன, திரும்பின, சுவரைச் சுரண்டின. முதல் எலி ஒரு யுகம் எடுத்தது. பன்னிரண்டுக்கு மேல் வல்லாரைக் கூண்டு எலிகள். மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு விறுவிறு என்று போய் மிட்டாயை எடுத்தன.

பேராசிரியர் சந்தோஷமாகச் சாப்பிடப் போனார். அக்கா எலியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"தம்பி, இன்னும் மருந்தே குடுக்கலையே. அதுக்குள்ள எப்பிடி ஞாபகம் வந்துச்சு?"

"புத்திசாலி எலியா அமைஞ்சிருக்கும்க்கா."

"ஆறுமா?"

அவர் பெட்டிக்குள் குனிந்து முகர்ந்து பார்த்தார். "ஒரு எலி மூத்திரத்தச் சொட்டிக்கிட்டே போகுது. அடுத்தது அத மோந்துக்கிட்டே போகுது. எங்க வயக்காட்டுலயும் இதான். ஒண்ணு நடந்த வரப்புலதான் மத்ததெல்லாம் நடக்கும். எங்கப்பா கிட்டிய அந்தத் தடத்துலதான் வைப்பாரு. ஒரு எலி விழுந்த கிட்டியக் கழுவாம வைக்க மாட்டாரு. நீங்க பெட்டியத் தொடைக்கவே இல்லையே?"

கிட்டி என்பது வயலில் எலி பிடிக்க வைக்கும் மூங்கில் பொறி. முனைவர் பட்டத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அன்று தோன்றியது. எலி இரண்டிலும் எலிதான் என்பது தோன்றவில்லை.

அடுத்த வெள்ளி அக்கா பேராசிரியரிடமே சொன்னார். ஒவ்வொரு எலிக்கும் நடுவில் பெட்டியை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாம் என்றார். வல்லாரை எலியையும் தண்ணீர் எலியையும் மாற்றி மாற்றி விடலாம் என்றார்.

"தொடச்சா பலகை ஈரமாகும். எலி வழுக்கும். டைம் தப்பாயிரும்" என்றார் பேராசிரியர்.

"காயிற வரைக்கும் செத்த நேரம் பொறுத்தா என்ன சார்?"

"நீ எலிக்குத் தண்ணி வை. ஆராய்ச்சிய நான் பாத்துக்கிறேன்."

"சரி சார்" என்றார் அக்கா. தண்ணீர் வைத்தார். பிறகு ரிஜிஸ்டரை எடுத்து எழுதினார். 'வெள்ளி. தண்ணி எலி முதலில் ஓடியது. பெட்டி துடைக்கவில்லை. வல்லாரை எலி தரையை மோந்துகொண்டே போனது. துடைக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.' எல்லா வெள்ளிக்கிழமையும் இதையே எழுதினார். ஒரு சொல் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

எனக்கு எரிச்சல். இவர் சொல்வது தப்பு என்று இவருக்கே காட்ட வேண்டும் என்றுதான் ஒரு இரண்டாம் சனிக்கிழமை, விடுமுறை நாளில், வரச் சொன்னேன். வேறு நல்ல எண்ணம் எதுவும் எனக்கு இல்லை. எலிகளுக்குப் பழைய வழி பழகியிருக்கும் என்பதால் தடுப்புப் பலகைகளைக் கழற்றிப் புது விதமாக மாட்டினோம். மிட்டாயையும் வேறு மூலைக்கு மாற்றினோம். முதலில் வல்லாரை எலிகளை விட்டோம். பெட்டியைத் துடைக்காமல் அப்படியே பின்னால் தண்ணீர் எலிகளை விட்டோம்.

தண்ணீர் எலிகள் ஜெயித்தன.

மறுபடி பலகைகளை மாற்றினோம். இந்தத் தடவை ஒவ்வொரு எலிக்கும் பிறகு துடைத்து, காய வைத்து, மாற்றி மாற்றி விட்டோம். இரண்டு கூண்டும் ஒரே மாதிரி முட்டின, ஒரே மாதிரி திணறின. மத்தியானம் தாண்டிவிட்டது. நான் ஸ்டாப்வாட்சைக் கீழே வைத்தேன்.

"அப்ப வல்லாரை சும்மாவாக்கா?"

"நான் அப்பிடிச் சொல்லலயே தம்பி."

"பின்ன?"

"வேல செய்யலன்னு நான் பாக்கல. செய்யுதுன்னும் பாக்கல. இத்தன வெள்ளிக்கெழமையும் நம்ம பாத்தது எலி மூத்திரத்த. வல்லாரைய இன்னும் பாக்கவே ஆரம்பிக்கல. இம்புட்டுத்தான்."

நான் இன்றுவரை அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. வல்லாரைக்குச் சக்தி இருக்கலாம். வேறு இடங்களில் ஒழுங்காகப் பார்த்தவர்கள் இருக்கலாம். நான் வல்லாரைத் துவையல் தின்கிறவன். எங்கள் பெட்டியில் அது தெரியவில்லை, அதை மட்டும் சொல்கிறேன்.

பேராசிரியரிடம் போய் நான் சொன்னேனா? இல்லை. எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது.

கடைசி வெள்ளிக்குப் பிறகு எலிகளைக் கொன்று மூளையை எடுக்க வேண்டும். ஆராய்ச்சியின் விதி அது. அக்கா வெளியே போகலாம் என்றார்கள். போகவில்லை. பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். மூளைகளைப் புட்டியில் போட்டு மூடிய பிறகு ரிஜிஸ்டரில் எழுதினார். 'பன்னிரண்டு எலி. பன்னிரண்டும் செத்தன. பொட்டைப் பார்க்காமல் எது வல்லாரை எலி என்று சொல்ல முடியவில்லை.' அன்று பூவை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

ஆராய்ச்சிக் கட்டுரையோடு ரிஜிஸ்டரையும் காட்ட வேண்டும் என்று வந்தபோதுதான் பேராசிரியர் முதல்முறையாக அந்தக் குறிப்புக் கட்டத்தைப் படித்தார். அக்காவைக் கூப்பிட்டார். நானும் அறையில் இருந்தேன்.

"என்னம்மா இது, கதை எழுதி வச்சிருக்க? புது ரிஜிஸ்டர் தாரேன். தீவனம், தண்ணி மட்டும் பாத்து அழகா எழுதிக் குடு."

"எழுதுறேன் சார். கடைசில ஒரு வரி சேத்துக்கிறேன்."

"என்ன வரி?"

"'பழைய ரிஜிஸ்டரைப் பார்த்துத் திருப்பி எழுதியது. சார் எழுதச் சொன்னார்'னு."

"அதெல்லாம் எழுதக் கூடாது."

"அப்ப நான் எழுதுனதா ஆகாது சார்."

பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் எழுதினேன். இரண்டு நாள் மத்தியானம் நூலகத்தில் உட்கார்ந்து முழு ரிஜிஸ்டரையும் புதிதாக எழுதினேன். குறிப்புக் கட்டத்தைக் காலியாக விட்டேன். கையெழுத்து இடத்தில் 'அட்டெண்டர்' என்று மட்டும் எழுதினேன். அவர் பெயரைப் போடவில்லை என்பதால் நான் யோக்கியன் என்று ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. முதல் வெள்ளி. மருந்துக்கு முன்பே வல்லாரைக் கூண்டு ஜெயித்த அந்த ஓட்டத்தைக் காட்டினால், பார்க்கிற யாரும் அக்கா கேட்ட அதே கேள்வியைக் கேட்பார்கள். அதை எடுத்துவிட வேண்டும். எடுத்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும். பேராசிரியர் காரணம் எழுதினார். அன்று அட்டெண்டர் கவனக்குறைவால் இரண்டு கூண்டு எலிகளையும் கலந்துவிட்டார், எனவே அன்றைய கணக்கு சேர்க்கப்படவில்லை. அதை டைப் செய்ததும் நான்தான்.

காரணம் நிஜமாகத் தெரிய வேண்டும் அல்லவா? அடுத்த வாரம் அக்காவுக்கு வேலை நீக்க ஓலை வந்தது. 'விலங்குகளைக் கலந்துவிட்ட அசட்டைக்காக' என்று இருந்தது. அக்கா அதை நின்றபடியே இரண்டு முறை படித்தார். நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனார். நான் வராந்தாவில் நின்றேன்.

"சார், இதுல என்னைக்கு, எந்த எலியன்னு போடலையே."

"முதல் வெள்ளிக்கெழமை."

"அன்னைக்குத் தலையில பொட்டு, முதுகுல பொட்டு, வால்ல கோடு எல்லாம் இருந்துச்சே சார். கலந்தாலும் பொட்டப் பாத்துப் பிரிச்சுரலாமே. பிரிக்கத் தெரியாதா எனக்கு?"

"போம்மா. போய் அலுவலகத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

"நான் கலந்தத நீங்க பாத்தீகளா?"

உள்ளே பேராசிரியர் போனை எடுத்து யாரிடமோ பேசத் தொடங்கினார். அக்கா வெளியே வந்தார். என்னைத் தாண்டித்தான் போனார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

பழைய ரிஜிஸ்டரை மரத்தூளோடு போட்டு எரிக்கச் சொன்னார் பேராசிரியர். நான் எரிக்கவில்லை. பெரிய மனசு என்று நினைக்க வேண்டாம். பின்னால் நிறையப் பக்கம் வெறுமையாக இருந்தது, வீணாக்க மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனேன். சில வருடம் கழித்து என் மகள் அதில் வாய்ப்பாடு எழுதிப் பழகினாள்.

பதினோரு வருடம் ஆகிறது. பேராசிரியர் முதல்வர் ஆகிவிட்டார். நான் அந்த வேலையை விட்டுவிட்டு ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் இருக்கிறேன். மகள் பத்தாம் வகுப்பு. போன மாதம் அவள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். ஞாபக சக்தி பற்றிச் சிறப்புரை. மேடையில் அவர். வல்லாரை பற்றிப் பேசினார், தன் எலிகளைப் பற்றிப் பேசினார். பிறகு கூட்டத்தைச் சிரிக்கவைக்க ஒன்று சொன்னார். "எங்க லேப்ல ஒரு அட்டெண்டர் அம்மா. எந்த எலி எந்தக் கூண்டுன்னு மறந்து எல்லாத்தையும் கலந்து விட்டுட்டாங்க. வல்லாரைய எலிக்குக் குடுத்ததுக்குப் பதிலா அந்தம்மாவுக்குக் குடுத்திருக்கணும்."

மண்டபம் சிரித்தது. பக்கத்தில் என் மகளும் சிரித்தாள். நான் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை ரெட்டியார்சத்திரம் பக்கம் போனேன். அக்கா அங்கே ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை பார்ப்பதாக வாட்ச்மேன் முன்பு சொல்லியிருந்தார். பச்சை வலைக்குக் கீழே தக்காளி நாற்றுத் தட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. நாற்று வாங்க வந்த ஒருவரிடம், "இந்தத் தட்டு வேணாம்ண்ணே, பத்துக்கு மூணு மொளைக்கல. அந்த வரிசையில பாத்து எடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி சற்றுத் தள்ளி நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

நான் மேடையில் நடந்ததைச் சொன்னேன். அக்கா தண்ணீர்க் குழாயை மூடவில்லை.

"என்ன பண்ணலாம்க்கா? நீங்க போய் நாலு வார்த்த கேக்க வேணாமா?"

"அவரு சொன்னத நான் கேக்கலையே தம்பி. நீங்கதான கேட்டீக?"

"ஆமா."

"அப்ப நீங்கதான் சொல்லணும்."

"அக்கா, அந்த ரெண்டாவது ரிஜிஸ்டர்..." என்றேன். "அத எழுதுனது நான்தான்."

அவர் அடுத்த தட்டுக்கு நகர்ந்தார். "ஒங்க எழுத்து அழகா இருக்கும்" என்றார். கோபமாகச் சொன்னாரா என்று கேட்டால், எனக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்.

முதல்வர் ஐயா, இனி உங்களிடம். அடுத்த மாதம் அதே மண்டபத்தில் மறுபடி பெற்றோர் கூட்டம் இருக்கிறது. நீங்கள்தான் பேசுகிறீர்கள் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் முன்வரிசையில் உட்காருவேன். பழைய ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு வருவேன். புது ரிஜிஸ்டரை எழுதியவன் நான், கலந்துவிட்டார் என்ற வரியை டைப் செய்தவனும் நான் என்று என் மகள் முன்னால் எழுந்து நின்று சொல்வேன். அதனால் எனக்கு என்ன வந்தாலும் வரட்டும்.

அதற்குப் பிறகு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். ஒரு சொட்டு மருந்து உள்ளே போகும் முன்பே வல்லாரைக் கூண்டு எலிகள் எப்படி ஜெயித்தன? பெட்டியை ஏன் ஒரு முறைகூடத் துடைக்கவில்லை? பொட்டும் கோடும் வைத்த எலிகளில் எந்த எலியை, எந்தக் கூண்டுக்கு அவர் மாற்றிப் போட்டார்? என் போனுக்குக் கூப்பிட வேண்டாம். ஆள் அனுப்ப வேண்டாம். அறைக்குள் உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம் என்று சொல்ல வேண்டாம், வர மாட்டேன். மைக்கில் சொன்னதை மைக்கிலேயே திருப்பி எடுங்கள். அந்த அம்மா எலியைக் கலக்கவில்லை. நான்கு சொல்தான். எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.